எவர்சில்வர் ஆணியும் மோரிஸ் மைனரும்



எவர்சில்வர் தம்ளர் இல்லாத அடுப்படி நம்மிடையே இல்லை. விடியுமுன் பிரட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் தேநீர் குடித்த தம்ளர், நிரையில் பசியாறச் சோறு சுமந்து வந்த தூக்குச் சட்டி, தாய்மாமன் பெயர் பொறித்துச் சீராக வைத்த குடம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வரிசை இருக்கும். லயத்தை விட்டு அடுக்கு மாடிக்குக் குடிபோன பிறகும் அந்தப் பாத்திரங்களை நாம் விட்டுவிடவில்லை. அவை நசுங்கும், ஒடுங்கும், ஆனால் துருப்பிடிக்காது. அதனால் "எவர்சில்வர் என்றால் என்றைக்கும் கெடாது" என்ற ஒரு நம்பிக்கை நம் மனத்தில் ஆழமாக ஊன்றிவிட்டது. இந்த நம்பிக்கை அடுப்படியோடு நின்றால் பாதகமில்லை. அது ஒரு பழைய காரின் எஞ்சினுக்குள் புகுந்தபோது என்ன நேர்ந்தது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கிள்ளானில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. பாட்டனார் தோட்டத்து லாரி ஓட்டியவர். தோட்டத்துக் கிராணி ஒருவரிடமிருந்து பழைய மோரிஸ் மைனர் ஒன்றைத் தவணை முறையில் வாங்கினார். அவர் காலத்துக்குப் பிறகு மகன் ஓட்டினார். பிறகு அது வீட்டுக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், பல ஆண்டுகள் கோழிகள் அடையும் இடமாகக் கிடந்தது. பேரன் தொழிற்பயிற்சி முடித்து மெக்கானிக் ஆனான். அக்காள் கல்யாணத்துக்குப் பெண்ணை அந்தக் காரில்தான் கோவிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. எஞ்சினை இறக்கிப் பிரித்தான். துருவேறிக் கிடந்த போல்ட்டுகளையும் நட்டுகளையும் ஒன்று விடாமல் எறிந்துவிட்டு, அத்தனைக்கும் பதிலாகப் பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளை வாங்கிப் பூட்டினான். எஞ்சின் நகைக்கடை மாதிரி மின்னியது.

கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து மைல் போவதற்குள் சூட்டு முள் ஏறியது. பின்னால் வெள்ளைப் புகை. 'ஹெட் கேஸ்கெட்' போய்விட்டது. கேஸ்கெட்டை மாற்றினான், மறு வாரமும் அதே கதை. மூன்றாம் முறை, ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்து பார்த்தார். கழற்றிய ஆணி ஒன்றை எடுத்து, பூட்டாத புதிய ஆணி ஒன்றின் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். கழற்றிய ஆணி கொஞ்சம் நீண்டிருந்தது. "தம்பி, துருப்பிடிக்காதது வேறு, பலமானது வேறு" என்றார்.

அவர் சொன்னது எப்படி என்று புரிய வேண்டுமானால், ஆணிக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பதை அறிய வேண்டும். அந்தச் சரித்திரத்தில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு.

முதலில் மரையைப் பற்றிச் சொல்லி விடுகிறேன். திருகாணியின் உடம்பில் சுற்றிச் சுற்றி ஓடும் வெட்டுக்குத்தான் மரை என்று பெயர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டப்படி மரை வெட்டியது. ஒரு பட்டறையின் போல்ட்டில் அடுத்த பட்டறையின் நட்டு ஏறாது. 1841-ஆம் ஆண்டு ஜோசப் விட்வொர்த் என்ற பொறியியலாளர் ஒரு வேலை செய்தார். பல பட்டறைகளிலிருந்து திருகாணிகளைச் சேகரித்து, அளந்து, சராசரி பார்த்து, இன்ன பருமனுள்ள ஆணிக்கு ஓர் அங்குலத்தில் இத்தனை மரை, மரையின் கோணம் 55 பாகை என்று ஒரு விதி வகுத்தார். ரயில்வேக்கள் அதை ஏற்றுக்கொண்டன. ரயில் போன இடமெல்லாம் விட்வொர்த் மரையும் போயிற்று.

அப்படித்தான் அது நம் சிலாங்கூருக்கும் வந்தது. 1886-ஆம் ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே புக்கிட் கூடா வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. பாதை போட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். ஈயம் ஏற்றத்தான் முதலில் அந்தப் பாதை. பின்னால் ரப்பரும் அதே வழியாகத் துறைமுகத்துக்குப் போயிற்று. 1901-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972-ஆம் ஆண்டு முதல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. இதற்கிடையில் கோலாலம்பூரும் உருமாறியது. 1881-ஆம் ஆண்டு நகரத்தைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அத்தாப்புக் கூரையும் மரச் சுவரும் இனி உதவாது, செங்கல்லால் கட்ட வேண்டும் என்று ஆட்சியாளர்கள் முடிவு செய்தார்கள். செங்கல் சூளைகள் எழுந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். சூளைகள் மறைந்த பிறகு அங்கே ரயில்வே ஊழியர்களின் குடியிருப்புகள் வந்தன. நூறு வீடுகள் என்று எல்லோரும் சொல்லி வந்த அந்த வரிசைகளை அறியாத பழைய ஆட்கள் இல்லை. இப்போது அந்த இடத்தைப் போய்ப் பார்த்தால் அடையாளமே தெரியவில்லை.

நகரின் வடக்கே செந்தூலில், 1900-களின் தொடக்கத்தில், ரயில்வேயின் மத்தியப் பணிமனை அமைந்தது. நீராவி எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் பெரிய பட்டறை அது. ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் தமிழர் கூட்டம் பெரிது. கொதிகலன் தட்டியவர்கள், உலை ஊதியவர்கள், கடைசல் பிடித்தவர்கள், ஃபிட்டர்கள் எனப் பல தொழிலாளர்கள். 1945-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்கள் அந்தப் பணிமனையைக் குண்டு வீசித் தகர்த்தன. போருக்குப் பின் அதை மீண்டும் எழுப்பினார்கள். இன்று அங்கே எஞ்சின் ஓசை இல்லை. பழைய ரயில்வே கட்டடம் ஒன்றில் 2005-ஆம் ஆண்டு முதல் நாடகமும் இசையும் நடக்கின்றன. இரும்பைப் பற்றி எழுத்திலே படிக்காமல் கையிலே படித்தவர்கள் அந்தப் பட்டறையில் வளர்ந்தார்கள். நான் சொன்ன பெரியவரும் அவர்களில் ஒருவர். விட்வொர்த் ஸ்பானரில் 3/8 என்று பொறித்திருந்தால் அது ஆணியின் பருமனைக் குறிக்கும், ஆணித் தலையின் அகலத்தை அல்ல என்பதை அவர் பதினாறு வயதில் தெரிந்துகொண்டாராம். புதிதாக வரும் பையன்களை முதல் நாள் ஏமாற்றுவது அந்த ஸ்பானரை வைத்துத்தான் என்று சொல்லிச் சிரித்தார்.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். 1864-ஆம் ஆண்டு வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 60 பாகைக் கோணத்தில் மரை வெட்டலாம் என்றார். அரை அங்குல ஆணியில் விட்வொர்த் கணக்குப்படி அங்குலத்துக்கு 12 மரை. அமெரிக்கக் கணக்குப்படி 13. மற்ற பல அளவுகளில் எண்ணிக்கை ஒன்றுதான், கோணம் மட்டுமே மாறும். அதனால் ஒன்றின் நட்டு மற்றொன்றின் ஆணியில் ஏறிவிடும். ஆனால் சரியாகப் பிடிக்காது. ஏறாத நட்டைவிட இப்படி ஏறிவிட்டுப் பிடிக்காத நட்டுத்தான் ஆபத்தானது.

இரண்டாம் உலகப் போரில் இந்தக் குளறுபடி உச்சத்துக்குப் போயிற்று. ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் பேக்கார்ட் நிறுவனம் செய்ய முன்வந்தது. பிரிட்டிஷ் மரை வெட்டும் கருவிகள் அமெரிக்காவில் கிடைக்கவில்லை. அவற்றையும் தாங்களே செய்துகொண்டுதான் எஞ்சின் செய்தார்கள். போர் முடிந்த பின், 1948-ஆம் ஆண்டு நவம்பரில், பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் கூடி ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. 60 பாகைக் கோணம், அங்குல அளவு. அதற்கு ஒன்றுபட்ட மரை என்று பெயர். மெக்கானிக்குகள் யு.என்.எஃப், யு.என்.சி என்று சொல்வது இதைத்தான். நுண்மரை முதலாவது, பருமரை இரண்டாவது.

அதே 1948-ஆம் ஆண்டுதான் மோரிஸ் மைனரும் பிறந்தது. முதலில் 918 சி.சி. எஞ்சின், 1952-இல் 803 சி.சி.; 1956-இல் 948; 1962-இல் 1098. பத்து லட்சமாவது கார் 1960-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. மலாயாவில் ஆசிரியர்களும் கிராணிமார்களும் மருந்தக ஊழியர்களும் விரும்பி வாங்கிய கார் இது. நம் தம்பியின் கார் 1098. இந்தக் கடைசி மூன்று எஞ்சின்களும் ஒன்றுபட்ட மரையில் பூட்டப்பட்டவை. ஆனால் பழைய பிரிட்டிஷ் கார்கள் எல்லாம் இப்படித்தான் என்று எண்ணிவிட வேண்டாம். மோரிஸ் கம்பெனி 1923-ஆம் ஆண்டு ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் எஞ்சின் தொழிற்சாலையை வாங்கியது. அங்கிருந்த யந்திரங்கள் மில்லிமீட்டர் அளவில் மரை வெட்டுபவை. யந்திரத்தை எறிய மனம் வரவில்லை. ஆகவே எம்.ஜி. டி.சி. போன்ற கார்களின் எஞ்சினில் மரை மில்லிமீட்டரிலும், அதே ஆணியின் தலை விட்வொர்த் ஸ்பானருக்கு ஏற்ற அளவிலும் இருக்கும்! பழைய காரில் கை வைப்பவர் ஆணி வாங்கக் கடைக்குப் போகுமுன் பழைய ஆணியையும் மரைமானியையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். நாக்கில் வரும் அளவைச் சொல்லி வாங்கக்கூடாது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்குலம் போய் மீட்டர் வந்துவிட்டது. ஆணிக்கடைகளில் இன்று எளிதில் கிடைப்பது மில்லிமீட்டர் ஆணிதான்.

கிள்ளான் என்றதும் கார் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்களே, அவர்களுடைய கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டும் இருக்கவில்லை. துரையையோ மேல் உத்தியோகஸ்தரையோ வழியில் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒன்று. சைக்கிளில் உட்கார்ந்து போகும் உரிமைக்கே போராட வேண்டியிருந்த ஊரில், தோட்டத்து லாரி ஓட்டுநர் சொந்தமாக ஒரு மோரிஸ் மைனர் வாங்கினார் என்றால் அந்தக் குடும்பத்துக்கு அது வெறும் இரும்பு அல்ல. கோழி அடைந்தாலும் அதை விற்காமல் வைத்திருந்ததன் காரணம் இப்போது விளங்கும்.

இனித் துருப்பிடிக்காத எஃகுக்கு வருவோம்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் என்று ஒரு நகரம். எஃகுக்கும் கத்திக்கும் பேர் போனது. அங்கே 1871-ஆம் ஆண்டு எஃகு உருக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஹாரி பிரியர்லி. பெரிய குடும்பம், சிறிய வீடு. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, தாமஸ் ஃபர்த் கம்பெனியின் ரசாயனக் கூடத்தில் குப்பி கழுவும் பையனாகச் சேர்ந்தார். குப்பி கழுவிக்கொண்டே அங்கு நடக்கும் சோதனைகளைக் கவனித்தார், மாலையில் படித்தார். 1908-ஆம் ஆண்டு இரண்டு எஃகுக் கம்பெனிகள் சேர்ந்து ஆராய்ச்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கியபோது அதன் தலைவராக அமர்ந்தவர் அதே பையன்தான்.

1912-இல் அவரிடம் ஒரு கேள்வி வந்தது. துப்பாக்கிக் குழாயின் உட்புறம் சூட்டினால் அரித்துப் போகிறது, அதைத் தடுக்க வழி உண்டா? அவர் எஃகில் குரோமியத்தைப் பல அளவுகளில் கலந்து பார்த்தார். 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உருக்கிய ஓர் எஃகில் நூற்றுக்கு சுமார் 12.8 பங்கு குரோமியம் இருந்தது. குப்பைக் குவியலில் ஒரு துண்டு மட்டும் மின்னியது, அதைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை சுவையானதுதான். உண்மை அதைவிட நிதானமானது. எஃகின் உள் அமைப்பைப் பூதக்கண்ணாடியில் பார்க்க அதன் மேல் அமிலம் தடவுவது வழக்கம். இந்த எஃகை அமிலம் தின்னவில்லை. வினிகரும் எலுமிச்சைச் சாறும் கூடத் தோற்றுப் போயின. துப்பாக்கியைப் பற்றி யோசித்த பெரியவர்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. சாப்பாட்டு மேசைக் கத்திக்கு இது ஆகும் என்று பிரியர்லிதான் வற்புறுத்தினார். உரிமையைப் பற்றிக் கம்பெனியோடு தகராறு வந்து 1915-இல் விலகினார்.

அவர் ஒருவர்தான் கண்டுபிடித்தார் என்று சொன்னால் நியாயமாகாது. ஜெர்மனியில் குருப் ஆலையைச் சேர்ந்த மவுரரும் ஸ்ட்ராஸும் 1912-லேயே குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்து வேறு வகை எஃகுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். பிரியர்லியின் இடத்துக்கு வந்த ஹாட்ஃபீல்ட் 1924-இல் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் என்ற கலவையை உண்டாக்கினார். நம் எவர்சில்வர்ப் பாத்திரங்களில் நல்ல ரகம் இந்த 18/8 வகைதான். கடையில் விற்கும் பளபளப்பான ஆணியும் பெரும்பாலும் இதே இனம்.

இது ஏன் துருப்பிடிப்பதில்லை? பால்மரம் வெட்டியவர்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். உளி பட்டையைக் கீறுகிறது. பால் வடிகிறது. கொஞ்ச நேரத்தில் கீறலின் மேலேயே பால் உறைந்து ஒட்டுப்பாலாகி வாயை அடைத்துக் கொள்கிறது அல்லவா? மறுநாள் அதை உரித்தால்தான் மீண்டும் பால் வரும். துருப்பிடிக்காத எஃகிலும் அப்படித்தான். அதிலுள்ள குரோமியம் காற்றுப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடாக மேலே படிந்து, உள்ளே காற்றும் ஈரமும் போகாமல் அடைத்து விடுகிறது. கீறினால் உடனே புது ஏடு. இதற்கு நூற்றுக்குப் பத்தரைப் பங்காவது குரோமியம் வேண்டும். சாதாரண இரும்பின் மேல் படியும் துருவோ செதில் செதிலாக உதிரும். உதிர உதிர உள்ளே தின்னும்.

ரப்பர் ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இது அனுபவ பாடம். பாலை உறைய வைக்க ஊற்றும் பார்மிக் அமிலம் சாதாரண இரும்பைத் தின்றுவிடும். தொட்டிகளுக்குள் அலுமினியம் பதித்தது அதனால்தான். செம்பும் பித்தளையும் பால் பக்கம் வரவே கூடாது. கடுகளவு செம்பு கலந்தாலும் ரப்பர் நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டுவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது தம்பியின் எஞ்சினுக்குத் திரும்புவோம். துருப்பிடிக்காத ஆணி ஏன் அவனைக் கைவிட்டது?

நட்டை முறுக்குவது என்றால் என்ன? ஆணியை இழுப்பது. ஆணி இரும்பாக இருந்தாலும் ரப்பர் வளையம் மாதிரி மயிரிழை அளவு நீள்கிறது. திரும்பச் சுருங்கத் துடிக்கிற அந்தத் துடிப்புத்தான் இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடிக்கும் பிடி. ஒரு அளவுக்கு மேல் இழுத்தால், பிசைந்த மாவை இழுத்தது போல, நீண்டது நீண்டதுதான், சுருங்காது. பிடி போய்விடும்.

மைனரின் எஞ்சினில் தலைப்பகுதியை ஒன்பது நட்டுகள் அழுத்திப் பிடிக்கின்றன. ஒவ்வொரு ஆணியும் 3/8 அங்குலம். கையேட்டின்படி 40 அடி-ராத்தல் முறுக்கு. அப்படி முறுக்கினால் ஒவ்வோர் ஆணியிலும் ஏறத்தாழ 2.9 டன் இழுவை விழும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று 8.8 என்று தலையில் பொறித்து விற்கும் எஃகு ஆணி இந்தப் பருமனில் சுமார் 3.7 டன் வரை மீளும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் துருப்பிடிக்காத ஆணியின் தலையில் ஏ2-70 என்று இருக்கும். அது சுமார் 2.6 டன் வரைதான் மீளும். அதாவது கையேட்டில் சொன்னபடி ஒழுங்காக முறுக்கினாலே அது தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது! தம்பி முறுக்கு அளவையைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துப் பிசகாமல் வேலை செய்தான். பிழை அவன் கையில் இல்லை. அவன் வாங்கிய ஆணியில் இருந்தது.

இன்னொன்றும் உண்டு, சூடு. ஓடும் எஞ்சினில் எல்லாம் விரியும். வார்ப்பிரும்பும் சாதாரண எஃகும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால் சண்டை இல்லை. 18/8 எஃகு அவற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். எஞ்சின் சூடாகும்போது ஆணி மட்டும் அதிகம் நீள, பிடி தளர்கிறது. 100 மில்லிமீட்டர் நீள ஆணி என்று வைத்துக்கொள்வோம். 80 பாகை சூடேறினால், சுற்றியுள்ள வார்ப்பிரும்பைவிட அது சுமார் 0.05 மில்லிமீட்டர் கூடுதலாக நீளும். இது பொடி அளவு என்று தோன்றும். ஆனால் முறுக்கியதால் ஏற்பட்ட இழுவையே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான். கால் பங்கு பிடி சூட்டிலேயே போகிறது. கேஸ்கெட்டு கசியாமல் என்ன செய்யும்?

ஏன் இந்த எஃகைப் பதம் போட்டுக் கடினமாக்கக் கூடாது என்று கேட்பீர்கள். 18/8 வகைக்குச் சூடு காட்டித் தண்ணீரில் தோய்க்கும் பதம் ஏறாது. பால் வெட்டும் உளியையும் எவர்சில்வர் கரண்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உளி பதம் ஏறிய எஃகு. துடைத்து வைக்காவிட்டால் துரு ஏறும், ஆனால் கூர் நிற்கும். கரண்டி என்றைக்கும் மின்னும், ஆனால் அதைத் தீட்டி மரம் வெட்ட முடியாது. எஞ்சினின் தலையாணி உளி ஜாதியைச் சேர்ந்தது.

அதற்காகத் துருப்பிடிக்காத எஃகுக்கு எஞ்சினில் இடமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. முதல் உலகப் போரில் பிரியர்லியின் குரோமிய எஃகு முதன்மையாகப் போன இடமே விமான எஞ்சினின் வால்வுகள்தான். ஆணி விஷயத்திலும் இடம் பார்த்துப் போட வேண்டும். மேல் மூடி, தெர்மோஸ்டாட் மூடி, தகடுகள், பிடிப்பட்டைகள், கார்புரேட்டரைச் சுற்றிய சிறு ஆணிகள் இவற்றில் இழுவை குறைவு, ஈரம் அதிகம். அங்கே தாராளமாகப் போடலாம், அழகும் கூடும். தலையாணி, கனெக்டிங் ராடு ஆணி, மெயின் பேரிங் ஆணி, ஃப்ளைவீல் ஆணி இவற்றில் போடவே கூடாது. எஞ்சினுக்கு வெளியே பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், இருக்கைப் பட்டி ஆணிகளும் அப்படியே. எஞ்சினில் பிழைத்தால் புகைதான் வரும். பிரேக்கில் பிழைத்தால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

புகைபோக்கிக் குழாய் சேரும் இடத்தில் பழைய பிரிட்டிஷ் மெக்கானிக்குகள் எஃகு ஆணியில் பித்தளை நட்டுத்தான் போடுவார்கள். எத்தனை வருஷம் வெந்தாலும் கழற்றும்போது வந்துவிடும். நூறு வருஷத்து அனுபவத்தில் வந்த வழக்கம் அது. அங்கே புதுமை செய்வதை நான் விரும்பமாட்டேன்.

துருப்பிடிக்காத ஆணியில் அதே இன நட்டைப் பூட்டும்போது மற்றொரு தொல்லை உண்டு. மேலே இருக்கும் அந்த மெல்லிய ஏடு உராய்வில் கிழிந்து, உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் ஒட்டிக்கொள்ளும். பாதி வழியில் நட்டு நின்றுவிடும். முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. ஆணியை ஒடிக்க வேண்டியதுதான். காற்றுத் துப்பாக்கியால் வேகமாக முறுக்குபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். மரையில் பிடியெதிர்ப்புக் கிரீஸ் தடவி, கையால் நிதானமாக முறுக்கினால் நேராது. கிரீஸ் தடவிய மரை எளிதாகச் சுழலும். ஆகவே அதே முறுக்குக்கு ஆணி இன்னும் அதிகம் இழுபடும். முறுக்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கிரீஸில் செம்புத் தூள் கலந்த வகை உண்டு. முன்னே ரப்பர் ஸ்டோரைப் பற்றிச் சொன்னேனே, இங்கேதான் அது வேண்டும். இயற்கை ரப்பர் புஷ், ரப்பர் ஹோஸ் பக்கத்தில் செம்புக் கிரீஸ் படக்கூடாது. தோட்டத்துப் பாலைக் கெடுத்த அதே செம்பு காரின் ரப்பரையும் கெடுக்கும். அங்கே நிக்கல் கலந்த வகையைத் தடவலாம்.

அலுமினியத்தில் பூட்டுவதாக இருந்தால் கிள்ளான்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, உப்பு ஈரமும் சேர்ந்தால், ஒரு சிறு பேட்டரி மாதிரி வேலை நடக்கும். அதில் கரைந்து போவது அலுமினியம்தான். துறைமுகத்தை ஒட்டிய காற்றில் உப்புக்குக் குறைவில்லை. ஆணி புதிதாகவே இருக்கும். அது பூட்டிய துளைதான் வெள்ளைப் பொடியாகியிருக்கும். கிரீஸ் பூசிப் பூட்டினால் தண்ணீர் உள்ளே போகாது. உப்புக் காற்றுக்கு ஏ4 என்று குறித்த ஆணி மேலானது. அதில் சுமார் 2 பங்கு மாலிப்டினமும் கலந்திருக்கும்.

கடையில் எப்படி அடையாளம் காண்பது? தலையைப் படிக்க வேண்டும். ஏ2, ஏ4 என்பவை துருப்பிடிக்காதவை. பக்கத்தில் உள்ள 70, 80 என்ற எண்ணைப் பத்தால் பெருக்கினால் அறுபடும் பலம், சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். 8.8, 10.9 என்பவை பதம் போட்ட எஃகு. 8.8-இல் முதல் எண்ணை நூறால் பெருக்கினால் 800, அறுபடும் பலம்; இரண்டாவது எண், அதில் பத்துக்கு எட்டுப் பங்கு வரை மீளும் என்று சொல்கிறது. அங்குல ஆணியில், அமெரிக்க முறைப்படி தலையில் மூன்று கோடுகள் இருந்தால் ஏறத்தாழ 8.8-க்கு இணை, ஆறு கோடுகள் இருந்தால் 10.9-க்கு இணை. தலையில் ஒன்றுமே எழுதாத ஆணியை, அது எவ்வளவு மின்னினாலும், எஞ்சினுக்குள் விட வேண்டாம். காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். 18/8 எஃகு காந்தத்தில் நன்றாக ஒட்டாது. ஆனால் இழுத்துச் செய்த ஆணியில் லேசாக ஒட்டும். ஒட்டவில்லை என்பதை வைத்து இனத்தைத்தான் சொல்லலாம், பலத்தைச் சொல்ல முடியாது.

தம்பி ஒன்பது ஆணிகளையும் மாற்றினான். கறுத்த எஃகு ஆணி, கறுத்த நட்டு, எண்ணெய் தடவி, நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று சுற்றில் முறுக்கினான். பெரியவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு சுற்றையும் எண்ணினார். மேல் மூடியிலும் தெர்மோஸ்டாட் மூடியிலும் எவர்சில்வர் ஆணிகளை அப்படியே விட்டுவைத்தார்கள். கல்யாணத்தன்று மணப்பெண் முன் இருக்கையிலும், பாட்டி மடியில் எவர்சில்வர்ச் செம்போடு பின் இருக்கையிலும் உட்கார்ந்து கோவிலுக்குப் போனார்கள். வழியில் ஒரு மேட்டில் சூட்டு முள் லேசாக ஏறியபோது தம்பிக்கு வியர்த்துவிட்டதாம். மேடு இறங்கியதும் முள்ளும் இறங்கிவிட்டது.